புதிய கன்சோல் வந்தால் ஆட்டமும் புதிதாகிவிடுமா?

2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ, 2025 ஜூனில் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 என ஏழு மாத இடைவெளியில் இரண்டு வீடியோ கேம் கன்சோல்கள் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் முதலாவதின் அறிமுக விலை 700 டாலர், இரண்டாவதின் அறிமுக விலை 450 டாலர். படம் துல்லியமாகியிருக்கிறது, ஆனால் விளையாடுவது அதே ஆட்டம்தானே என்ற கேள்வி உடனே எழுந்தது. ஒவ்வொரு தலைமுறைக் கன்சோலுக்கும் எழுகிற கேள்விதான் இது. 'ஆம்' என்போரும் 'இல்லை' என்போரும் ஆளுக்கொரு பாகத்தைப் பார்த்துப் பேசுவதால் விவாதம் முடிவதில்லை. கன்சோல் என்பது ஐந்தாறு பாகங்களின் கூட்டு. சில பாகங்கள் மாறினால் ஆட்டமே மாறும். சில மாறினால் படம் மட்டும் மாறும். படத்தை ட்ரெய்லரில் காட்டிவிடலாம், ஆட்டத்தை விளையாடினால்தான் தெரியும். அதனால் விளம்பரத்தில் எப்போதும் படமே முன்னால் நிற்கிறது.

கேம்ப்ளே என்று எதைச் சொல்கிறோம்

ஆட்டக்காரர் என்னென்ன செய்யலாம், செய்ததற்கு ஆட்ட உலகம் எப்படிப் பதில் தருகிறது, அந்தப் பதிலைப் பார்த்து ஆட்டக்காரர் அடுத்து என்ன முடிவெடுக்கிறார். இந்தச் சுற்றுதான் கேம்ப்ளே. சுவர் அழகாக இருப்பது கிராஃபிக்ஸ். அந்தச் சுவரை உடைக்கலாம், உடைத்தால் பின்னாலிருக்கும் காவலாளிக்குச் சத்தம் கேட்கும் என்பது கேம்ப்ளே.

இதை வைத்து ஒரு எளிய சோதனை செய்யலாம். ஒரு புதிய ஆட்டத்தின் படத்தரத்தை மட்டும் குறைத்துப் பழைய கன்சோலில் ஓட்டினால், அதே சுற்று அப்படியே நடக்குமா? நடக்குமென்றால் புதிய கன்சோல் அந்த ஆட்டத்துக்குக் கொடுத்தது படம் மட்டுமே. இந்தச் சோதனையைக் கற்பனையாகச் செய்ய வேண்டியதில்லை. பல ஆட்டங்கள் உண்மையாகவே இரண்டு தலைமுறைக்கும் வந்திருக்கின்றன.

எந்தப் பாகம் எதைத் தொடுகிறது

1. கண்ட்ரோலர்: ஆட்டக்காரரின் கை சொல்வதை ஆட்டத்துக்குக் கொண்டுபோகிற ஒரே வழி. இது மாறினால் கேம்ப்ளே நேரடியாக மாறும்.

2. பிராசஸர்: எதிரிகளின் புத்தி, பொருட்கள் மோதுவது, விழுவது ஆகிய கணக்குகளைப் போடுகிறது. திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குரிய மொத்தக் கணக்கையும் 16.7 மில்லி நொடியில் முடிக்க வேண்டும். 30 ஃபிரேம் என்றால் 33.3 மில்லி நொடி கிடைக்கும்.

3. ரேம்: ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்கள் உயிரோடு இருக்கலாம், உலகம் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதன் எல்லை.

4. சேமிப்பு: டிஸ்க், ஹார்டு டிஸ்க், அதைவிட வேகமான எஸ்எஸ்டி. புதிய இடத்தை எவ்வளவு வேகமாகக் கொண்டுவரலாம் என்பது இதைப் பொறுத்தது.

5. கிராஃபிக்ஸ் சிப்: பெரும்பாலும் படம். ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு, பின்னால் வருகிறது.

ப்ரோ வகைக் கன்சோல்கள் (அதே தலைமுறையின் வலிமை கூட்டிய வடிவங்கள்) ஏன் ஆட்டத்தை மாற்றுவதில்லை என்பதற்கு இந்தப் பட்டியலிலேயே விடை இருக்கிறது. அவற்றில் பெரிதாக மாறுவது ஐந்தாவது பாகம். மேலும் ப்ரோவில் ஓடும் ஆட்டம் சாதாரண பிளேஸ்டேஷன் 5-இலும் ஓடியாக வேண்டும். அப்படியிருக்க, ப்ரோவுக்கு மட்டும் என்று யாரும் புதிய விதி எழுத முடியாது.

கையில் இருப்பது மாறும்போது

1996-இல் வந்த நிண்டெண்டோ 64 கண்ட்ரோலரின் நடுவில் ஒரு சிறிய ஸ்டிக் இருந்தது. அதற்கு முன் வீடுகளில் பரவலாக இருந்த கண்ட்ரோலர்களில் சிலுவை வடிவ பொத்தான்தான். அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும். ஸ்டிக்கோ எவ்வளவு சாய்க்கிறோம் என்ற அளவையும் சொல்லும். 'சூப்பர் மேரியோ 64' ஆட்டத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் மாமிசம் தின்னிச் செடி ஒன்று வரும். ஸ்டிக்கை முழுக்கத் தள்ளி ஓடினால் அது விழித்துக் கடிக்கும். இலேசாகச் சாய்த்தால் மேரியோ நுனிக்காலில் பூனைநடை நடப்பார், செடி தூங்கிக்கொண்டே இருக்கும். விரலின் ஒரு சிறு அசைவு இங்கே ஒரு விதியாகிவிட்டது. வன்பொருளால் பிறந்த கேம்ப்ளே என்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். முப்பரிமாண உலகில் நடப்பதற்கான இலக்கணம் இன்றுவரை இதுவே. அந்த ஸ்டிக்கின் பலவீனமும் புகழ்பெற்றது. உள்ளே பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசி வெள்ளைத் தூளாகத் தேய்ந்து, நாளடைவில் ஸ்டிக் தொளதொளவென்று ஆகிவிடும்.

2006-இல் வந்த நிண்டெண்டோவின் வீ கன்சோல் இன்னொரு வழியில் போனது. அதன் பிராசஸர், முந்தைய கன்சோலான கேம்கியூப் வடிவமைப்பின் வேகம் கூட்டிய வடிவம். படத்தரத்தில் அது பிளேஸ்டேஷன் 3-க்கு அருகில்கூட வராது. ஆனால் ரிமோட்டுக்குள் மூன்று அச்சுகளிலும் முடுக்கத்தை அளக்கும் ஒரு சென்சார், முனையில் ஒரு அகச்சிவப்புக் கேமரா. டிவி மேல் வைக்கும் 'சென்சார் பார்' எதையும் உணர்வதில்லை. அதில் இருப்பவை அகச்சிவப்பு விளக்குகள். அவற்றை ரிமோட்டின் கேமரா பார்த்து, தான் எங்கே காட்டுகிறோம் என்று கணக்கிடுகிறது. பேட்டையும் டென்னிஸ் ராக்கெட்டையும் வீசுவது போல வீசி விளையாடலாம் என்றவுடன், பொத்தான்களைக் கண்டு ஒதுங்கியிருந்தவர்களும் ஆட்டத்துக்குள் வந்தார்கள். வீ 10 கோடிக்கும் மேல் விற்றது.

ஆனால் அந்த சென்சாருக்குத் தெரிந்தது முடுக்கம் மட்டுமே. கை எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. எனவே தோளிலிருந்து முழுக்கை வீசுவதும், சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டுவதும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே. சுண்டினால் போதும் என்று ஆட்டக்காரர்கள் கண்டுகொண்ட அன்றே, பல ஆட்டங்களில் அசைவு என்பது வேறு பெயரில் ஒரு பொத்தானாகிவிட்டது. 2009-இல், திரும்பும் அசைவை அளக்கும் கைரோஸ்கோப் கொண்ட மோஷன்பிளஸ் என்ற கூடுதல் கருவி வந்த பிறகுதான் இது சரியானது. அதைக் கட்டாயமாக்கிய 2011-இன் செல்டா ஆட்டத்தில், எதிரி வாளைப் பிடித்திருக்கும் பக்கத்தைப் பார்த்து வேறு திசையில் வெட்ட வேண்டும். அதற்குள் வீயின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் (2010) கண்ட்ரோலரையே எடுத்துவிட்டு, உடம்பைக் கேமராவால் படித்தது. யோசனை துணிச்சலானது. நடைமுறையில் நான்கு இடங்களில் இடறியது.

1. நொடிக்கு 30 முறைதான் உடம்பைப் பார்க்கும். அதற்குமேல் கை, கால், மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்று கணக்கிடும் நேரம். கையைத் தூக்கியதற்கும் திரையில் கை எழுவதற்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் தாமதம்.

2. ஒருவர் விளையாட ஏறத்தாழ 6 அடி, இருவருக்கு 8 அடி காலியிடம் வேண்டும். எல்லா வீட்டு ஹாலிலும் அது கிடைக்காது.

3. நின்ற இடத்தில் நின்றபடி ஆட்ட உலகில் முன்னோக்கி நடப்பது எப்படி என்பதற்கு நல்ல விடை கிடைக்கவே இல்லை. அதனால் பல ஆட்டங்கள் தண்டவாளத்தில் போவது போல தானாக நகர்ந்தன.

4. கையில் எதுவும் இல்லாததால், தொட்டதும் அதிர்வதும் இல்லை. செய்தது பதிந்ததா என்று உடம்புக்குத் தெரியாது.

நடன ஆட்டங்களில் மட்டும் இந்தக் குறைகள் உறுத்தவில்லை. அடுத்து என்ன அசைவு என்பது முன்பே தெரியும், நடக்கவும் வேண்டியதில்லை. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுடன் கினெக்ட்டைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு விற்றார்கள். 2014 ஜூனில் அது இல்லாமல் 399 டாலர் வகை வந்தது. 2017-இல் உற்பத்தியே நின்றது.

பிளேஸ்டேஷன் 5-இன் கண்ட்ரோலரான டூயல்சென்ஸில், ஆள்காட்டி விரலால் அழுத்தும் டிரிகருக்குப் பின்னால் ஒரு சிறு மோட்டாரும் பல்சக்கரமும் இருக்கின்றன. விரலுக்கு எதிராக எவ்வளவு விசை தர வேண்டும், எந்த இடத்தில் தர வேண்டும் என்பதை ஆட்டம் தீர்மானிக்கலாம். 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' ஆட்டத்தில் ஒரு துப்பாக்கியின் டிரிகரை அந்தத் தடை வரும்வரை பாதி அழுத்தினால் ஒரு குழல் மட்டும் சுடும். தடையைத் தாண்டி முழுக்க அழுத்தினால் இரண்டும் சுடும். ஒரே விரலுக்கு இரண்டு முடிவுகள். உண்மையான கேம்ப்ளே சேர்க்கை இது. ஆனால் ஒரே ஆட்டத்தை எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் சேர்த்துச் செய்யும் நிறுவனம், ஒரு கண்ட்ரோலரில் மட்டும் உள்ள வசதியின் மேல் விதி எதையும் கட்டாது. அதனால் பெரும்பாலான ஆட்டங்களில் அது வில் நாண் இறுகுவது போன்ற உணர்வோடு நின்றுவிடுகிறது.

16, 16, 16, பிறகு 2

பிளேஸ்டேஷன் வரிசையின் ரேமை மட்டும் எடுத்துப் பாருங்கள். முதலாவதில் 2 எம்பி. இரண்டாவதில் 32 எம்பி. மூன்றாவதில் வீடியோ நினைவகத்தையும் சேர்த்து 512 எம்பி. நான்காவதில் 8 ஜிபி. ஒவ்வொரு முறையும் 16 மடங்கு. ஐந்தாவதில் 16 ஜிபி. வெறும் 2 மடங்கு.

முன்பெல்லாம் தலைமுறை மாறினால் ஆட்டமே மாறியது போலத் தோன்றியதற்கும், இப்போது அப்படித் தோன்றாததற்கும் இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை என்பேன். 2001-இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' ஒரு தீவு முழுவதையும் லோடிங் திரை இல்லாமல் சுற்றவிட்டது. ஓடுகிற காருக்கு முன்னால் வரப்போகும் தெருவை டிவிடியிலிருந்து ரேமுக்கு ஏற்றி, பின்னால் போன தெருவை அழித்துக்கொண்டே இருந்ததால்தான் அது முடிந்தது. 2 எம்பியில் அப்படி ஒரு நகரம் அடங்காது.

2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த 'டெட் ரைசிங்' இன்னும் நேரடியான சாட்சி. ஒரு வணிக வளாகம், திரை நிறைய நூற்றுக்கணக்கான ஜாம்பிகள். கூட்டத்தில் எந்த வழியாகப் புகுந்து போவது என்பதுதான் அங்கே ஆட்டமே. அதே ஆட்டம் 2009-இல் வீக்கு வந்தபோது கூட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கதை அதேதான், வளாகமும் அதேதான். ஆனால் நெரிசல் இல்லாத இடத்தில் வழி தேட வேண்டிய அவசியமே இல்லை.

'ஷேடோ ஆஃப் மோர்டோர்' (2014) இதன் இன்னொரு முகம். அதன் நெமெசிஸ் அமைப்பில், உங்களைக் கொன்ற சாதாரண எதிரி பதவி உயர்வு பெறுவான். அடுத்த முறை சந்திக்கும்போது போன சண்டையை நினைவூட்டிப் பேசுவான். தீயில் தப்பியவன் தீக்காயத்தோடு வருவான். ஒவ்வொரு எதிரிக்கும் முகம், பெயர், பகை, வரலாறு. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் இது முழுமையாக ஓடியது. சில வாரம் கழித்து பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்த வடிவத்தில் அமைப்பைச் சுருக்க வேண்டியிருந்தது. நமது சோதனையில் இந்த ஆட்டம் தெளிவாகத் தேறுகிறது: படத்தைக் குறைத்தும் போதவில்லை, ஆட்டத்தையே குறைக்க வேண்டி வந்தது.

எஸ்எஸ்டி கொடுத்ததும் கொடுக்காததும்

ரேம் 2 மடங்குதான் கூடியது என்ற குறையை ஈடுசெய்ய உதவியது பிளேஸ்டேஷன் 5-இன் எஸ்எஸ்டி. பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 50 முதல் 100 எம்பி வரை தரும். 1 ஜிபி ஏற்ற சராசரியாக 20 நொடி. புதிய எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி தரும். கன்சோலை வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் சொன்ன கணக்குப்படி, சுருக்கி வைத்த தரவாக இருந்தால் 2 ஜிபி ஏற 0.27 நொடி போதும். ஹார்டு டிஸ்கின் முள் தேடி அலையாமல் இருக்க, 'ஸ்பைடர்மேன்' ஆட்டத்தில் சில தரவுகள் டிஸ்கில் 400 முறை வரை பிரதி எடுத்து வைக்கப்பட்டிருந்தன என்றும் அவர் சொன்னார். அந்த வீண் இடம் இப்போது தேவையில்லை.

பழைய ஆட்டங்களில் நீண்ட லிஃப்ட் பயணம், வளைந்து வளைந்து போகும் குகைப்பாதை, பாறை இடுக்கில் உடம்பைத் திருப்பி மெல்ல நுழைவது இவையெல்லாம் ஏன் வந்தன என்று இப்போது புரியும். அந்த நொடிகளில் அடுத்த பகுதி பின்னணியில் ஏறிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி இந்தச் சுவர்களை இடிக்க உரிமை கொடுத்தது. 2021 ஜூனில் வந்த 'ரிஃப்ட் அபார்ட்' அதைச் செய்தும் காட்டியது. ஒரு பிளவு வழியாகக் குதித்தால் முற்றிலும் வேறொரு உலகம் உடனே வரும். 2023-இல் பிசிக்கு வந்தபோது பலர் அதை ஹார்டு டிஸ்க்கில் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. ஆனால் பிளவைத் தாண்டும் இடங்களில் நின்று நின்று போனது.

ஆக, எஸ்எஸ்டி மாற்றியது வேகத்தை. அந்த வேகத்தின் மேல் புதிய விதிகளைக் கட்டிய ஆட்டங்கள் குறைவு. 'ரிஃப்ட் அபார்ட்'டிலேயே பெரிய உலக மாற்றங்கள் முன்பே எழுதிவைத்த இடங்களில்தான் நடக்கின்றன. நினைத்த இடத்தில் நினைத்த உலகைத் திறக்கும் சுதந்திரம் ஆட்டக்காரருக்கு இல்லை. வன்பொருள் திறந்த கதவுக்குள் வடிவமைப்பு இன்னும் முழுக்க நுழையவில்லை என்பதே என் மதிப்பீடு.

பழைய கன்சோலின் பிடி

அதற்குப் பணக் காரணமும் உண்டு. பிளேஸ்டேஷன் 4 ஏறத்தாழ 11.7 கோடி விற்றிருந்தது. அந்தச் சந்தையை விட மனமில்லாமல் 2022-இன் பெரிய ஆட்டங்களான 'ஹொரைசன் ஃபர்பிட்டன் வெஸ்ட்', 'எல்டன் ரிங்', 'காட் ஆஃப் வார் ரக்னராக்' மூன்றும் இரண்டு தலைமுறைக்கும் வெளியிடப்பட்டன. ஹார்டு டிஸ்க்கில் ஓட வேண்டிய ஆட்டத்தில் பாறை இடுக்குகள் இருந்தே தீரும். பிளேஸ்டேஷன் 5-இல் விளையாடுபவரும் அதே இடுக்கில்தான் நுழைய வேண்டும்.

ஒரே தலைமுறைக்குள்ளும் இது நடக்கும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி ரேம், மலிவான சீரிஸ் எஸ்ஸில் 10 ஜிபி. இரண்டிலும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்பது விதி. திரையைப் பிரித்து இருவர் விளையாடும் வசதியை சீரிஸ் எஸ்ஸில் ஓட்ட முடியாமல் 'பால்டர்ஸ் கேட் 3' எக்ஸ்பாக்ஸில் தாமதமானது. 2023 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த ஆட்டம், விதியைத் தளர்த்தி, அந்த வசதி இல்லாமலேயே டிசம்பரில் சீரிஸ் எஸ்ஸுக்கு வந்தது. ஒரு ஆட்டத்தின் கேம்ப்ளேயை மிக வேகமான இயந்திரம் தீர்மானிப்பதில்லை. அது ஓட வேண்டிய மிக மெதுவான இயந்திரமே தீர்மானிக்கிறது.

கன்சோல் தேவைப்படாத புதுமைகள்

செல்டா வரிசையின் 'பிரெத் ஆஃப் தி வைல்டு' 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச்சோடு வந்தது. அதே நாளில் 2012-இன் கன்சோலான வீ யூவுக்கும் வந்தது. நெருப்பு புல்லில் பரவும், சூடான காற்று மேலெழும்பும், இடி இரும்பைத் தேடி விழும் என்ற பொதுவிதிகளை வைத்து, தீர்வை ஆட்டக்காரரே கண்டுபிடிக்கவிட்ட ஆட்டம் அது. அந்த விதிகளை உருவாக்கும்போது 1986-இன் முதல் செல்டா போன்ற தட்டையான இருபரிமாண மாதிரியில்தான் சோதித்துப் பார்த்ததாக அதன் வடிவமைப்பாளர்கள் காட்டினார்கள். அந்தப் பத்தாண்டின் பெரிய கேம்ப்ளே பாய்ச்சல்களில் ஒன்றுக்குப் புதிய கன்சோல் நிபந்தனையாகவே இல்லை.

மற்றவையும் அப்படித்தான். கடைசியாக நிற்பவரே வெற்றியாளர் என்ற பேட்டில் ராயல் வகை, பிசி ஆட்டங்களுக்கு ரசிகர்கள் எழுதிய மாற்றங்களிலிருந்து வளர்ந்தது. டோட்டா என்ற அணிச் சண்டை ஆட்டமும் அப்படிப் பிறந்ததே. 'மைன்கிராஃப்ட்' 2009-இல் சாதாரணக் கணினிகளில் தொடங்கியது. 2024-இன் 'பலாட்ரோ' ஒற்றை ஆள் உருவாக்கிய சீட்டாட்டம், போனிலும் ஓடுகிறது.

மறுபக்கம் செலவு. 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியான ஆவணங்களின்படி 'ஹொரைசன் ஃபர்பிட்டன் வெஸ்ட்'டுக்கு ஏறத்தாழ 21.2 கோடி டாலர் செலவானது, 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2'-க்கு 22 கோடி. படத்தரம் கூடக்கூட ஒவ்வொரு இலைக்கும் கல்லுக்கும் ஆள் வேண்டும். இவ்வளவு பணம் போட்டவர்கள் யாரும் பார்த்திராத விதியைச் சோதித்துப் பார்க்கத் துணிவதில்லை. வலிமையான கன்சோல் புதுமையைத் தடுக்கவும் செய்கிறது என்றால் அது இந்த வழியாகத்தான்.

வெளிச்சத்துக்கும் சுவருக்கும் உள்ள தொடர்பு

முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான். பெரும்பாலான ஆட்டங்களில் வெளிச்சமும் நிழலும் முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவரிலும் தரையிலும் ஒட்டப்பட்டவை. சுவரை இடித்தால், சுவர் போன பிறகும் அதன் நிழல் தரையில் கிடக்கும். உலகம் அசையாமல், உடையாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒளிக்கதிரை அந்தந்த ஃபிரேமிலேயே பின்தொடர்ந்து கணக்கிடும் ரே ட்ரேசிங், இந்தக் கட்டை அவிழ்க்கிறது. கண்ணாடியில் பிரதிபலிப்பு அழகாக வருவது அதன் சிறிய பயன்.

'டியர்டவுன்' இதற்கு நல்ல உதாரணம். சிறு கனசதுரங்களால் ஆன கட்டடங்கள், எந்தச் சுவரையும் உடைக்கலாம், உடைத்த ஓட்டை வழியே வெளிச்சம் சரியாக உள்ளே விழும். கொள்ளையடித்துத் தப்பிக்கும் பாதையை, சுவர்களை இடித்து நீங்களே முன்கூட்டித் தயார் செய்ய வேண்டும். 2022-இல் பிசியில் முழுமையாக வெளியான இது, 2023 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும் வந்தது. ஸ்விட்ச் 2-இன் 'டாங்கி காங் பனான்ஸா' (2025 ஜூலை) இதே கனசதுர முறையில் நிலத்தையே தோண்டவும் பெயர்த்து எறியவும் விடுகிறது. அதைப் பழைய ஸ்விட்ச்சில்தான் தொடங்கினார்கள். தோண்டியது தோண்டியபடியே இருக்கப் பெரிய நினைவகம் வேண்டும். பழையதில் இருந்தது 4 ஜிபி, புதியதில் 12 ஜிபி.

வாங்கும் முன் ஒரு ஆட்டத்தை எடைபோட

1. பழைய கன்சோலுக்கும் வந்திருக்கிறதா? வந்திருந்து, எதிரிகளின் எண்ணிக்கையும் வசதிகளும் ஒன்றேயானால், நீங்கள் பணம் கொடுப்பது படத்துக்கும் லோடிங் வேகத்துக்கும்.

2. பிசி வடிவத்தின் குறைந்தபட்சத் தேவையில் எஸ்எஸ்டியோ ரே ட்ரேசிங்கோ கட்டாயமா? கட்டாயமென்றால் ஆட்டத்தின் அடித்தளம் அதன் மேல் நிற்கிறது.

3. அமைப்புகளில் டிரிகர் தடையையும் அதிர்வையும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விளையாடினால் உங்கள் முடிவுகள் மாறுகின்றனவா?

4. பெர்ஃபார்மன்ஸ், குவாலிட்டி என இரண்டு தேர்வு இருந்தால் முதலாவதை எடுங்கள். 30 ஃபிரேமிலிருந்து 60-க்குப் போகும்போது பொத்தானுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் கையில் உணரும்படி குறையும். சண்டை ஆட்டங்களிலும் கார் ஓட்டத்திலும் இதற்கு இணையான பலன் வேறெதிலும் கிடைக்காது.

5. ஸ்விட்ச் 2 வாங்குவதாக இருந்தால் அதன் கண்ட்ரோலரான ஜாய்கானைப் பக்கவாட்டில் மேசைமேல் வைத்து மவுஸ் போல நகர்த்திப் பாருங்கள். 'டிராக் எக்ஸ் டிரைவ்' ஆட்டத்தில் இரண்டு கையிலும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றும் சக்கர நாற்காலியின் ஒரு சக்கரம். இரண்டையும் சேர்த்துத் தள்ளினால் நேராகப் போகும், ஒன்றை மட்டும் தள்ளினால் திரும்பும். மேசை இல்லாவிட்டால் தொடைமேல் வைத்தும் ஓட்டலாம். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கினால், அந்த வசதியை நம்பி மட்டும் வாங்க வேண்டாம்.